சைக்கிள் டெயில் லைட்: எத்தனை லூமென் போதும், எப்படிப் பொருத்துவது?

டெயில் லைட் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது லூமென் கணக்குதான். 20, 50, 100, 300 என்று ஏறிக்கொண்டே போகும். இரவில் ஓட்ட அவ்வளவு தேவையே இல்லை. ஏனோதானோவென்று கட்டிய 100 லூமெனைவிட, நேராகக் கட்டிய 20 லூமென் நன்றாகத் தெரியும்.

படி 1: பெட்டியில் உள்ள எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

லூமென் என்பது விளக்கு எல்லாத் திசையிலும் தரும் மொத்த ஒளி. பின்னால் வரும் ஓட்டுநர் அந்த ஒளியில் ஒரு துளியைத்தான் பார்க்கிறார். அவர் இருக்கும் திசையில் ஒளி எவ்வளவு செறிவு என்பதைக் கேண்டெலாவில் அளப்பார்கள். 20 லூமெனை 60 டிகிரி கூம்பாகப் பரப்பினால் சுமார் 24 கேண்டெலா கிடைக்கும். 20 டிகிரிக்குள் குவித்தால் 200-ஐத் தாண்டும். பிரிட்டனில் மின்னும் பின்விளக்குக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 4 கேண்டெலாதான். ரொம்பக் குவித்தாலும் சிக்கல், பக்கத்துத் தெருவிலிருந்து வருபவருக்குத் தெரியாது. பக்கவாட்டிலும் கொஞ்சம் ஒளி வரும் மாடலாகப் பார்த்து எடுங்கள்.

படி 2: அளவைத் தேர்ந்தெடுங்கள்

இருட்டுச் சாலைக்கு 10 முதல் 30 லூமென், நிலையாக எரியும் முறையில். வண்டி விளக்குகள் நெருக்கும் நகரச் சாலைக்கு 30 முதல் 50. பகலில் வெயிலோடு போட்டி போட வேண்டும் என்பதால் 100-க்கு மேல், மின்னும் முறையில்.

பகல் முறையை இரவில் போடாதீர்கள். பின்னால் வருபவருக்குக் கண் கூசும். மின்னி மின்னி அணைவதால் சைக்கிள் எவ்வளவு தூரத்தில் போகிறது என்பதும் பிடிபடாது. ஜெர்மனியில் சைக்கிளுக்கு மின்னும் பின்விளக்கு அனுமதியே இல்லை. கூட்டமாக ஓட்டும்போது இருப்பதிலேயே குறைந்த அளவில் வையுங்கள், பின்னால் வரும் நண்பர் வாழ்த்துவார்.

படி 3: கோணத்தைச் சரிசெய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் செங்குத்தாக நிற்பதில்லை. பின்பக்கமாக 17 டிகிரி போலச் சாய்ந்திருக்கும். விளக்கை அதன்மேல் அப்படியே ரப்பர் பட்டையால் கட்டினால் விளக்கின் முகமும் அதே அளவு தரையைப் பார்க்கும். 80 செ.மீ. உயரத்தில் கட்டியிருந்தால் மூன்று மீட்டர் போவதற்குள் ஒளியின் நடுப்பகுதி தார்ச்சாலையில் விழுந்துவிடும்.

இருட்டில், சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி சைக்கிளை நிமிர்த்தி நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் உயரத்தை டேப்பால் அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். சிவப்பு வட்டத்தின் பிரகாசமான நடுப்பகுதி அந்தக் கோட்டில் விழ வேண்டும். கீழே இறங்கினால் விளக்கின் அடிப்பகுதிக்கும் போஸ்ட்டுக்கும் இடையில் ஆப்பு வடிவ ரப்பர் துண்டைச் செருகுங்கள். பல விளக்குகளுடன் பெட்டியிலேயே அது வரும்.

படி 4: சைக்கிளில் ஏறி உட்கார்ந்து பாருங்கள்

நிறுத்திவைத்த சைக்கிளில் பளிச்சென்று எரியும் விளக்கு, ஏறி உட்கார்ந்ததும் சட்டை நுனிக்கோ சீட்டில் தொங்கும் பைக்கோ பின்னால் ஒளிந்துகொள்ளும். இன்னொருவரை 20 மீட்டர் பின்னால் நிற்கச் சொல்லிக் கேளுங்கள். மறைத்தால் விளக்கைக் கேரியரின் பின்முனைக்கு மாற்றிவிடலாம்.

மட்கார்டு இல்லையென்றால் பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு விளக்கின் கண்ணாடியில் படியும். மழையில் ஓட்டி வந்ததும் துடைத்துவிடுங்கள். சார்ஜ் குறையும்போது பல விளக்குகள் சொல்லாமல் ஒளியைக் குறைத்துக்கொள்ளும். ஓட்டுபவருக்கு அது தெரியாது, விளக்கு முதுகுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது! அதனால் சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கழற்றாதீர்கள், அதற்கு சார்ஜே வேண்டாம்.