இரவு ரயிலுக்கு முன் எழும்பூரில் ஒரு பகல்

மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இறங்குவது எழும்பூரில்தான். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்தால் விடியும் நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். கண் ஆஸ்பத்திரியோ, பரீட்சையோ, கல்யாணமோ, வந்த வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். திரும்பும் வண்டி ராத்திரிதான். நடுவில் கிடைக்கும் அத்தனை மணி நேரத்தையும் வெயிட்டிங் ஹாலில் பையைக் காவல் காத்தே கழித்துவிட்டு வருகிறார்கள் நம் ஜனங்கள். அப்படி வந்துவிடாதீர்கள். நம் ஊர் மண்ணிலிருந்து எடுத்த சாமிகள் அங்கிருந்து நடக்கிற தூரத்து மியூசியத்தில் இருக்கின்றன.

முதலில் பையை இறக்கி வையுங்கள். ஸ்டேஷன் கிளோக் ரூமில் பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள். ஜிப் வைத்த பையாக எடுத்துக்கொண்டு, ஊரிலேயே ஒரு சின்னப் பூட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள். ஜவுளிக்கடைக் கட்டைப்பை இதற்கு ஆகாது. ரயில் டிக்கெட் கையில் இருக்கட்டும், கேட்பார்கள்.

வேலை கோயம்பேடு, வடபழனி, அண்ணா நகர்ப் பக்கம் என்றால் ஆட்டோ பேரம் பேசி நிற்க வேண்டியதில்லை. எழும்பூர் மெட்ரோ பூமிக்கு அடியில் இருக்கிறது, 2018-ல் திறந்தார்கள். சென்ட்ரலிலிருந்து பரங்கிமலை வரை போகும் பச்சை வழித்தடம் அது. எழும்பூருக்கு ஒரு பக்கம் அடுத்த ஸ்டேஷனே சென்ட்ரல். மற்றப் பக்கம் நேரு பூங்கா, கீழ்ப்பாக்கம், ஷெனாய் நகர் என்று போய், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் வழியாகப் பரங்கிமலை. விமான நிலையம் போகிறவர்கள் ஆலந்தூரில் இறங்கி நீல வழித்தடத்துக்கு மாறலாம். உயர் நீதிமன்றம், எல்.ஐ.சி., தேனாம்பேட்டை என்றால் சென்ட்ரலில் மாறுங்கள். காலை 5 மணிக்கு ஓட ஆரம்பித்து இரவு 11 வரை ஓடும். குறைந்த கட்டணம் 10 ரூபாய், கூடினால் 50.

கவுன்டரில் கியூஆர் கோடு அச்சடித்த சீட்டு தருவார்கள். உள்ளே போகும்போது கதவில் காட்டுவதோடு வேலை முடியாது, இறங்கும் இடத்திலும் காட்டினால்தான் வெளியே விடும். அதனால் சீட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். வயதானவர்களை எஸ்கலேட்டரில் ஏற்றிச் சிரமப்படுத்தாதீர்கள், லிஃப்ட் இருக்கிறது. எஸ்கலேட்டரில்தான் போக வேண்டும் என்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறச் சொல்லுங்கள். பிளாட்பாரத்தில் கண்ணாடித் தடுப்புக் கதவு இருப்பதால் குழந்தைகளைப் பற்றிப் பயமில்லை.

சரி, வேலை முடிந்து எழும்பூர் திரும்பியாயிற்று. ரயில் நிலையத்தின் முன்வாசல் காந்தி இர்வின் சாலையில் இருக்கிறது. அந்தப் பக்கமாக வெளியே வந்து பாந்தியன் சாலை மியூசியம் என்று கேளுங்கள், யாரும் வழி சொல்வார்கள். நடக்க முடிகிறவர்களுக்குக் கால் மணி நேரம். வெயிலாக இருந்தால் ஆட்டோ. வெள்ளிக்கிழமை விடுமுறை, இதை மறந்து போனால் பூட்டிய கேட்டைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். மற்ற நாட்களில் மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். இரண்டு மணிக்குள் உள்ளே நுழைந்துவிட்டால் நிதானமாகப் பார்க்கலாம்.

1851-ல் தொடங்கிய மியூசியம் அது. வளாகம் பெரிது, கட்டடங்கள் பல. குழந்தைகள் பதப்படுத்தி வைத்த மிருகங்களைப் பார்க்க இழுப்பார்கள். நான் சொல்வது, கால் வலிக்க ஆரம்பிப்பதற்கு முன் நேராக ஐம்பொன் சிலைகள் இருக்கும் கட்டடத்துக்குப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் நிற்கிறார். எங்கள் சீர்காழிக்குப் பக்கத்துத் திருவெண்காடுதான். பதினோராம் நூற்றாண்டுச் சிலை. தள்ளி நின்று பார்த்தால் ஒரே உடம்பு. கிட்டே போய்ப் பாருங்கள்: வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. வலது காலில் ஆடை தொடையோடு நின்றுவிடும், இடது காலில் கணுக்கால் வரை இறங்கும். என்னோடு வந்த அத்தை ரொம்ப நேரம் அந்த இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “துணி எப்படிப் படிஞ்சிருக்கு பாருடி” என்றார். அதையெல்லாம் மெழுகில் இழைத்து, மேலே காவிரி வண்டலைப் பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி எடுத்திருக்கிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றைக்கும் அதே வண்டலை எடுத்துத்தான் வார்க்கிறார்கள். எழும்பூருக்குப் போகும் முன் ஒரு தடவை சுவாமிமலைப் பட்டறையில் மெழுகு உரு பிடிப்பதைப் பார்த்துவிட்டுப் போனால் இந்தச் சிலை முன்னால் நிற்பதே வேறு மாதிரி இருக்கும்.

நம் ஊர்ச் சாமி ஏன் சென்னையில் என்று கேட்பார்கள். 1878-ல் வந்த புதையல் சட்டப்படி, மண்ணைத் தோண்டும்போது கிடைக்கும் பொருளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படிப் போய்ச் சேர்ந்தவை நிறைய.

நாகப்பட்டினத்துப் புத்தர்களைத் தவறவிடாதீர்கள். தலை உச்சியில் தீச்சுடர் எழும்பி நிற்கும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். ராஜராஜ சோழன் காலத்தில் கடலுக்கு அப்பால் இருந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் நாகையில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தைக் கட்டினார், ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான். நாகையில் 1856 முதல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பௌத்தச் சிலைகள் முந்நூறுக்கும் மேல். நாகூர், வேளாங்கண்ணி போய்வரும் நம் பிள்ளைகளுக்கு அதே கடற்கரையில் புத்த விகாரமும் இருந்தது என்பதை இந்தச் சிலைகளைக் காட்டிச் சொல்லுங்கள்.

பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம், 1896-ல் திறந்தது. படிக்கிற பிள்ளை கூட வந்தால் கட்டாயம் உள்ளே அழைத்துப் போங்கள்.

இன்னும் வெளிச்சம் இருந்தால் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் புனித ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1821-ல் கட்டி முடித்தார்கள். இளகிய மண் என்பதால் கிணறுகளை இறக்கி அவற்றின் மேல் எழுப்பிய கட்டடம். நம் ஆற்றுப் பாலங்களுக்குக் கிணறு இறக்குகிற அதே முறை. உள்ளே அண்ணாந்து பார்த்தால் நீல நிற வட்டக் கூரையில் தங்க நட்சத்திரங்கள். ஆராதனை நடந்தால் முடியும்வரை வெளியே பொறுத்திருங்கள்.

நடக்க முடியாதவர்கள் மெட்ரோவில் 10 ரூபாய் கொடுத்து சென்ட்ரல் போய், 1913-ல் திறந்த மாநகராட்சி அலுவலகமான வெள்ளை ரிப்பன் மாளிகையைச் சாலையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

ராத்திரிச் சாப்பாட்டை ஸ்டேஷன் எதிரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கிளோக் ரூமில் கூட்டம் சேருவதற்கு முன் பையை எடுத்துவிடுங்கள். டிக்கெட்டில் ஏறும் இடம் எழும்பூர்தானா என்று காலையிலேயே பாருங்கள். தாம்பரம் என்று போட்டிருந்தால் மெட்ரோவில் ஏறாதீர்கள், எழும்பூரிலிருந்தே தாம்பரத்துக்கு நேராக மின்சார ரயில் இருக்கிறது. முக்கால் மணி நேரம் அதற்கு ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.