பாம்பு கேமும் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் வகுப்பும்: சறுக்கும் இடங்கள்

சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் மினி ப்ராஜெக்ட் என்றால் பல கல்லூரிகளில் இன்னும் லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்தான். சீனியரிடம் வாங்கி, பெயரையும் கலரையும் மாற்றி, ரெக்கார்டில் நாலு யூஎம்எல் படம் (சாஃப்ட்வேரின் வடிவமைப்பைக் காட்டும் வரைபடம்) ஒட்டினால் வேலை முடிந்தது. அதற்குப் பதில் ஒரு கேம் செய்யச் சொல்லிப் பாருங்கள், மணி அடித்தும் லேப்பை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். யோசனை புதிதும் அல்ல. 1972-இல் அட்டாரி என்ற வீடியோ கேம் நிறுவனத்தில் சேர்ந்த இன்ஜினியர் ஆலன் அல்கார்னுக்குக் கை பழகட்டும் என்று, அதை நிறுவியவர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல் கொடுத்த பயிற்சி வேலைதான் பாங் என்ற டேபிள் டென்னிஸ் கேம். அதில் ஒரு வரி சாஃப்ட்வேர்கூடக் கிடையாது, எல்லாம் சர்க்யூட்தான் என்பது வேறு கதை.

ஆனால் மாணவர்கள் ஆர்வமாக உட்கார்ந்துவிட்டார்கள் என்பதால் பாடம் ஏறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

தலைப்பை முடிவு செய்யும் ஜீரோத் ரிவ்யூவிலேயே தவறு ஆரம்பிக்கிறது. நாலு பேர் டீம் வந்து நிற்கும். "ஓப்பன் வேர்ல்டு சார், மல்டிபிளேயர்." சரி என்று தலையாட்டிவிட்டால் செமஸ்டர் முடியும்போது ஒரு காலி மைதானத்தில் ஒரு ஆள் நடந்துகொண்டிருப்பான், அவ்வளவுதான். பாம்பு, செங்கல் உடைப்பது, டெட்ரிஸ் அளவுக்கு மேல் போகவே வேண்டாம். கேம் சின்னதாக இருந்தால்தான் ஒரே கோடை இரண்டு மூன்று முறை பிரித்து மாற்றி எழுத நேரம் கிடைக்கும்.

அடுத்தது, கேம் இன்ஜினை (கேம் செய்ய உதவும் ஆயத்த சாஃப்ட்வேரை) கற்றுக்கொடுப்பதிலேயே பாதி செமஸ்டரைக் கரைப்பது. யூனிட்டியில் எந்த மெனு எங்கே இருக்கிறது என்பது நம் பாடம் இல்லை. பைத்தானில் எழுத உதவும் பைகேம் போதும், விசையை வாங்கி, நிலையை மாற்றி, படம் வரைவதைத் திரும்பத் திரும்பச் செய்யும் கேம் லூப்பை அவர்களே எழுத வேண்டியிருக்கும், அதுவும் நல்லதுதான்.

தேவைகளை எழுதும் இடத்தில் எல்லா டீமும் ஒரே வரியை எழுதும்: "கேம் ஜாலியாக இருக்க வேண்டும்." இதை எப்படிச் சோதிப்பது? "முதல்முறை ஆடுபவர் யாரும் சொல்லித்தராமல் மூன்று நிமிடத்துக்குள் முதல் லெவலை முடிக்க வேண்டும்" என்று எழுதினால் சோதிக்கலாம். பக்கத்து வகுப்புப் பையனை உட்கார வைத்துவிட்டு, செய்தவர்கள் வாயைத் திறக்காமல் பின்னால் நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிடம் அவர்களுக்கு நரகம். ஆனால் பயனர் என்று ஒருத்தர் இருக்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

எழுதி வாங்கிய தேவையைக் கடைசிவரை மாற்றாமல் விடுவது ஆசிரியர் செய்யும் தவறு. பாதி வழியில் நீங்களே கஸ்டமர் மாதிரி போய், "இனி இரண்டு பேர் ஆட வேண்டும்" என்று சொல்லுங்கள். விசையை வாங்குவது, விதி, படம் வரைவது மூன்றையும் ஒரே ஃபங்ஷனில் திணித்த டீம் கத்தும். பிரித்து வைத்த டீம் ஒரு வாரத்தில் முடித்துவிடும். கப்ளிங் (கோடின் பகுதிகள் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்திருக்கின்றன என்பது) பற்றி நான் பத்து ஸ்லைடு போட்டும் புரியாதது அந்த வாரத்தில் புரிந்துவிடும்.

இருப்பதிலேயே பெரிய தவறு, ஆடிப் பார்ப்பதையே டெஸ்டிங் என்று எடுத்துக்கொள்வது. பாம்பு கேமையே எடுத்துக்கொள்வோம். பாம்பு வலப்பக்கம் போகிறது. நேர் எதிர்த் திசையில் திரும்பக் கூடாது என்று கோடில் ஒரு நிபந்தனை உண்டு. இப்போது மேல், இடது இரண்டையும் சட்டென்று அடுத்தடுத்துத் தட்டுங்கள். மேல் தட்டியதும் திசை "மேல்" ஆகிவிடுகிறது. இடது என்பது மேலுக்கு எதிர் இல்லை, அதனால் அதுவும் ஏற்கப்படுகிறது. ஆனால் பாம்பு இன்னும் ஒரு கட்டம்கூட நகரவில்லை. அடுத்த நகர்வில் இடப்பக்கம் திரும்பித் தன் கழுத்தையே கடித்துச் சாகிறது. எழுதியவர்கள் நூறு முறை ஆடினாலும் இது கண்ணில் படாது. விரல் வேகமான ஒருவன் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவான். திருத்தம் சுலபம்: கடைசியாக உண்மையில் நகர்ந்த திசையோடு ஒப்பிட வேண்டும். விதிகளைத் திரையிலிருந்து பிரித்து எழுதியிருந்தால் இதற்கான டெஸ்ட் ஐந்தே வரி: வலப்பக்கம் போகும் பாம்பு, மேல், இடது, ஒரு நகர்வு, உயிரோடு இருக்கிறதா?

எல்லை மதிப்புகளைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு நான் பேக்-மேனைக் காட்டுவேன். 1980-இல் வந்த அந்த கேமில் லெவல் எண்ணுக்கு ஒரு பைட்தான் இடம், அதில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 256-ஆவது லெவலில் கணக்கு தடுமாறித் திரையின் வலது பாதி குப்பையாகிவிடும்.

மதிப்பெண் விஷயத்துக்கு வருவோம். அழகான படமும் பாட்டும் நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன, ரிவ்யூ குழு அதில் மயங்கிவிடுகிறது. வைவாவில் நான் ஒன்று கேட்பேன்: "வேகத்தைப் பாதியாக்கு, எத்தனை ஃபைலைத் தொட வேண்டும்?" நாலு என்று பதில் வந்தால் படம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. யார் என்ன செய்தார்கள் என்பதற்கு, கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டின் வரலாறு இருக்கிறது. அதில் பதிந்த மாற்றங்களின், அதாவது கமிட்களின், எண்ணிக்கைக்கு மட்டும் மார்க் வைத்துவிடாதீர்கள். ஒரு கமாவைச் சேர்த்து ஒரு கமிட், அதை எடுத்து இன்னொரு கமிட் என்று நாற்பது காட்டிய பையனை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் கேம் ஆடி வளர்ந்தவர்கள் என்று நினைப்பதும் தவறுதான். ஒருமுறை இரண்டு மாணவிகள் தயங்கித் தயங்கிப் பல்லாங்குழி செய்யலாமா என்று கேட்டார்கள். பதினான்கு குழி, விதி தெரிந்ததுதானே என்று நானும் அலட்சியமாகச் சரி என்றேன். மறுவாரம் இரண்டு பாட்டிகளிடம் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு பாட்டி குழிக்கு ஐந்து முத்து, இன்னொரு பாட்டி ஆறு. குழியில் நான்கு சேர்ந்தால் "பசு" என்று உடனே எடுப்பது ஒரு வீட்டில் உண்டு, இன்னொரு வீட்டில் இல்லை. எதை எழுதுவது என்று என்னைக் கேட்டார்கள். பாட்டிகளிடமே திரும்பப் போகச் சொன்னேன்.