நீங்கள் இல்லாத அறையில் உங்களுக்காகப் பேசப்போவது யார்? பேராசிரியர் வேலைக்குத் தயாராகிறவர்களுக்கு

முனைவர் பட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் பார்த்தவுடன் கேட்பது, "எத்தனை பேப்பர் இருந்தால் வேலை கிடைக்கும்?" என்பதுதான். இதற்கு ஓர் எண்ணைச் சொல்கிறவரை நம்பாதீர்கள். பொருளியலில் 'ஜாப் மார்க்கெட் பேப்பர்' என்று ஒரே ஒரு கட்டுரையை முன்னால் வைத்துத்தான் மொத்த ஆட்டமும் நடக்கிறது. கணினி அறிவியலின் பல பிரிவுகளில் ஆய்விதழைவிட மாநாட்டுக் கட்டுரைக்கு மவுசு அதிகம். வரலாறு பக்கம் போனால் இந்த ஆய்வேடு புத்தகமாகத் தேறுமா என்று பார்ப்பார்கள். உங்கள் துறையின் கணக்கு என்னவென்று தெரிய ஒரு மாலை போதும். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர்களில் பத்துப் பேரின் சி.வி.யை இறக்கி வையுங்கள். அவர்களிடம் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று பார்த்து மிரளாமல், வேலையில் சேர்ந்த வருடத்தில் என்ன இருந்தது என்று மட்டும் எண்ணுங்கள்.

சரி, அப்புறம் விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு வேலை கொடுக்கலாமா என்பது நீங்கள் இல்லாத ஓர் அறையில் முடிவாகிறது. நாலைந்து பேர் கொண்ட தேர்வுக் குழு, முன்னால் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள், அதில் உங்கள் உட்பிரிவு தெரிந்தவர் இருந்தால் ஒருவர் இருப்பார், பல நேரம் அவரும் இருக்க மாட்டார். அந்த அறையில் யாராவது ஒருவர் "இந்தப் பையனைக் கூப்பிடலாம்", "இந்தப் பெண்ணை விட்டுவிடக் கூடாது" என்று உங்களுக்காக வாய் திறக்க வேண்டும். அவர் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை நீங்கள்தான் தயார் செய்து கொடுக்க வேண்டும். கவர் லெட்டர், ஆய்வு அறிக்கை (செய்த ஆய்வையும் இனிச் செய்யப்போவதையும் சொல்லும் சில பக்கங்கள்), பரிந்துரைக் கடிதம் எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தை அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிகள்தான்.

முதலில் காலக் கணக்கு. அமெரிக்கா, கனடாவில் பெரும்பாலான விளம்பரங்கள் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை வரும், குளிர்காலத்தில் இன்டர்வியூ நடக்கும், வேலை தொடங்குவது அடுத்த கல்வியாண்டில். பிரிட்டனில் வருடம் முழுக்க விளம்பரம் வந்துகொண்டே இருக்கும், ஆனால் விளம்பரத்துக்கும் இன்டர்வியூவுக்கும் நடுவில் சில வாரங்கள்தான் இடைவெளி. பிரிட்டனுக்கு ஜாப்ஸ் ஏசி யூகே, ஐரோப்பாவுக்கு யூராக்ஸஸ், கணிதத்துக்கு மேத்ஜாப்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தளம் உண்டு. இன்றைக்கே பதிந்து மின்னஞ்சல் அறிவிப்பை வாங்கி வையுங்கள். விண்ணப்பிக்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் ஒரு வருடம் முன்பிருந்தே விளம்பரங்களைப் படித்துவாருங்கள், எந்தச் சொல்லை எந்த மாதிரித் துறை பயன்படுத்துகிறது என்பது தானாகப் பிடிபடும். ஒவ்வோர் ஆய்வாளரையும் தனியாக அடையாளம் காட்டும் ஆர்க்கிட் (ORCID) எண் எடுக்கவில்லையென்றால் எடுத்துவிடுங்கள், 16 இலக்கம், இலவசம், ஐந்து நிமிட வேலை. உங்கள் பெயரில் இன்னும் பத்துப் பேர் எழுதிக்கொண்டிருந்தால் அதன் அருமை தெரியும்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கூச்சம். வழிகாட்டியிடம் போய் "சார், ஒரு லெட்டர் வேணும்" என்று நாலு நாள் முன்னால் நிற்பது, அவரும் பழைய கோப்பைத் திறந்து பெயரை மாற்றி அனுப்புவது. பொதுவாக மூன்று கடிதம் கேட்பார்கள். ஒன்று வழிகாட்டியுடையது, ஒன்று உங்கள் பாடம் நடத்தும் திறமையை நேரில் பார்த்தவருடையது, இன்னொன்று முடிந்தவரை உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவருடையது. இந்த வெளியாள் கடைசி நேரத்தில் முளைக்க மாட்டார். மாநாட்டில் உங்கள் உரையைக் கேட்டுக் கேள்வி கேட்ட ஒருவருக்கு அன்று மாலையே பதிலை விரிவாக எழுதி, ஆறு மாதம் கழித்துக் கட்டுரையின் முன்வரைவை அனுப்பி, அப்படியே வளர்வது அந்த உறவு.

கேட்கும்போது "கடிதம் தர முடியுமா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் முடியும் என்றுதான் சொல்வார்கள். "என் வேலையைப் பற்றி உறுதியாக எழுத உங்களுக்குப் போதுமான அளவு தெரியும் என்று நினைக்கிறீர்களா? இல்லையென்றாலும் பரவாயில்லை" என்று கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். மந்தமான கடிதம் ஒன்று உள்ளே போனால் அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. சம்மதித்தவருக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னால் ஒரே மின்னஞ்சலில் எல்லாவற்றையும் அனுப்புங்கள்: சி.வி., ஆய்வு அறிக்கை, கடைசித் தேதி வரிசையில் பல்கலைக்கழகங்களின் பட்டியல், கடிதத்தை எந்தத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்ற விவரம், கூடவே "2 வருடம் முன்பு அந்தத் தரவுகளில் இருந்த பிழையை நான் கண்டுபிடித்த கதையை நீங்கள் குறிப்பிட்டால் உதவும்" என்று ஒரு வரி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவருக்கும் எழுத ஏதாவது வேண்டும் அல்லவா. கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒருமுறை நினைவூட்டுங்கள்.

இப்போது கவர் லெட்டர். நான் முதல் சுற்றில் எழுதியது இப்படித் தொடங்கியது: "தங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிப்பதில் மிகுந்த மகிழ்ச்சி அடைகிறேன். நான் கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றும் ஆர்வம் உடையவன்." இதை வைத்து அந்த அறையில் யார் என்ன பேச முடியும்? இரண்டாவது சுற்றில் ஒரு சீனியர் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்த மாதிரியில் தொடங்கினேன். அந்த அச்சில் ஓர் உதாரணம் தருகிறேன்: "ஆற்றுப் படுகையில் மணல் எடுத்த பிறகு நிலத்தடி நீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்தே கணக்கிடும் முறையை என் ஆய்வேட்டில் உருவாக்கியிருக்கிறேன். அடுத்த ஐந்து வருடத்தில் கிணறுகளே இல்லாத பகுதிகளுக்கு அதை விரிக்கப்போகிறேன்." படித்து முடித்த ஆள் பக்கத்து இருக்கைக்காரரிடம் "அந்த மணல், செயற்கைக்கோள் ஆள்" என்று சொல்ல முடிகிறது. அவ்வளவுதான் வேண்டும்.

அந்தத் துறைக்கு நீங்கள் ஏன் பொருந்துகிறீர்கள் என்பதற்கு ஒரு பத்தி போதும், ஆனால் அது உண்மையாக அந்தத் துறைக்கு எழுதியதாக இருக்க வேண்டும். அங்கே இருக்கும் எந்த ஆய்வகத்தோடு சேர்வீர்கள், அவர்களின் பாடப்பட்டியலில் இப்போது ஆள் இல்லாத எந்தப் பாடத்தை எடுப்பீர்கள் என்று. வாரத்துக்கு அதிகப் பாடவேளை உள்ள, இளநிலை மாணவர்களை மையமாகக் கொண்ட கல்லூரிக்கு அனுப்பும் கடிதத்தில் முதல் இரண்டு பத்தி முழுக்க ஆய்வைப் பற்றியே இருந்தால், "இவர் ஒரு வருடத்தில் ஓடிவிடுவார்" என்று ஒதுக்கிவிடுவார்கள். அங்கே பாடம் நடத்துவது முன்னால் வர வேண்டும். அப்புறம், அனுப்புமுன் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் தேடிப் பார்த்துவிடுங்கள். ஓர் இடத்துக்குப் போன என் கடிதத்தின் மூன்றாவது பத்தியில் வேறோர் இடத்தின் பெயர் இருந்தது, அனுப்பிய இரவு இரண்டு மணிக்குத்தான் கண்ணில் பட்டது, பதிலே வரவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விண்ணப்பத்தோடு, எப்படிப் பாடம் நடத்துவீர்கள் என்று சொல்லும் கற்பித்தல் அறிக்கையும் கேட்பார்கள். அதில் தத்துவம் வேண்டாம். "மாணவர்களைச் சிந்திக்கத் தூண்டுவேன்" என்று எழுதாத ஆளே கிடையாது. நீங்கள் நடத்திய ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், மாணவர்கள் எங்கே தடுமாறினார்கள், அடுத்த முறை நீங்கள் எதை மாற்றினீர்கள், மாற்றியதும் என்ன நடந்தது என்று எழுதினால் போதும். பாடம் நடத்திய அனுபவமே இல்லையென்றால் இந்தப் பருவமே ஒரு ட்யூட்டோரியல் வகுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஷார்ட்லிஸ்ட் ஆனபின் வருவது முதலில் அரைமணி நேர ஜூம், அதைத் தாண்டினால் நேரில். இதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு இருக்கிறது. வட அமெரிக்காவில் ஒன்று இரண்டு நாள் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, துறையினர் முன்னால் உங்கள் ஆய்வைச் சொல்லும் ஒரு மணி நேர உரை (ஜாப் டாக்), ஒவ்வொரு ஆசிரியரோடும் அரைமணி, மாணவர்களோடு சந்திப்பு என்று பிழிந்துவிடுவார்கள். உயிரியல் போன்ற துறைகளில் ஸ்லைடே இல்லாமல் பலகை முன்னால் நின்று எதிர்காலத் திட்டத்தைச் சொல்லும் சாக் டாக் வேறு. பிரிட்டனில் பெரும்பாலும் எல்லா வேட்பாளர்களையும் ஒரே நாளில் வரவழைத்து, குறுகிய உரை, அப்புறம் குழு முன்னால் கேள்விகள் என்று முடித்துவிடுவார்கள். உங்கள் போட்டியாளரோடு அதே காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பீர்கள், அசௌகரியம்தான்.

ஜாப் டாக் என்பது மாநாட்டு உரையை நீட்டியது அல்ல. முதல் பத்து நிமிடம் துறையில் இருக்கும் யாருக்கும் புரிய வேண்டும், நடுவில் ஓர் இருபது நிமிடம் நிபுணருக்காக ஆழமாகப் போகலாம், கடைசியில் மறுபடி எல்லோரையும் சேர்த்துக்கொண்டு அடுத்த ஐந்து வருடத் திட்டத்துக்கு வர வேண்டும். என் முதல் ஜாப் டாக்கில் நடுவில் ஒரு சமன்பாட்டில் யாரோ கேள்வி கேட்க, உற்சாகமாகப் பன்னிரண்டு நிமிடம் பதில் சொன்னேன். திட்டம் பற்றிய ஸ்லைடுகளுக்குப் போகவே இல்லை. எனக்காகப் பேச நினைத்தவருக்கும் அன்று பேச எதுவும் கிடைத்திருக்காது. "நல்ல கேள்வி, உரை முடிந்ததும் இதற்கு வருகிறேன்" என்ற வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் துறையே அல்லாத இரண்டு நண்பர்கள் முன்னால் ஒரு முழு ஒத்திகை கட்டாயம்.

கேள்விகளில் பாதி முன்கூட்டியே தெரிந்தவைதான். உங்கள் முதல் ஆய்வு மாணவருக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்? முதல் நிதி விண்ணப்பம் எதைப் பற்றி, யாரிடம்? உங்கள் வழிகாட்டி செய்வதிலிருந்து உங்கள் வேலை எப்படி வேறு? இந்த மூன்றாவதில்தான் பலர் பதில் தெரியாமல் விழிக்கிறார்கள், எழுதிவைத்துப் பழகுங்கள். சாப்பாட்டு மேசையும் இன்டர்வியூதான், அங்கே பழைய ஆய்வகத்தைப் பற்றிக் குறை பேச வேண்டாம்.

வேலை கிடைத்தால் தொலைபேசியிலேயே "சரி" என்று சொல்லிவிடாதீர்கள். நன்றி சொல்லுங்கள், எழுத்தில் கேளுங்கள், யோசிக்க எத்தனை நாள் என்று கேளுங்கள். பேரம் என்றால் சம்பளம் மட்டுமல்ல, ஆய்வகம் தொடங்கும் நிதி, முதல் வருடத்தில் பாடவேளைக் குறைப்பு, சேரும் தேதியைத் தள்ளிவைப்பது, துணைவருக்கு வேலை எல்லாமே கேட்கலாம். நிலையான ஊதிய அளவு உள்ள நாடுகளில் சம்பளத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் எந்தப் படியில் தொடங்குவது என்பதில் மட்டும்தான் இடம் இருக்கும்.

கிடைக்காவிட்டால்? பல இடங்களிலிருந்து மறுப்புக் கடிதம்கூட வராது, மௌனம்தான். தகுதி இருந்தும் கிடைக்காமல் போவது இங்கே சர்வ சாதாரணம், துறைக்குள்ளேயே யாரை எடுப்பது என்ற சண்டையில் உங்கள் உட்பிரிவு தோற்றிருக்கலாம். எத்தனை சுற்று முயல்வேன் என்று முதல் சுற்றுக்கு முன்பே, மனம் தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். ஆய்வுத்துறைக்கு வெளியே போவதற்கான இரண்டு பக்க சி.வி. ஒன்றையும் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

முடிவு எதுவானாலும் கடிதம் எழுதிக் கொடுத்த மூவருக்கும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த சுற்று வந்தால் அதே கதவுகளைத்தான் மறுபடி தட்டப்போகிறோம்.