கடைசில இருந்து ஆரம்பிங்க: முதல் தடவை சிலபஸ் எழுதற காலேஜ் ஆசிரியர்களுக்கு

வேலைக்கு சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆகியிருக்கும், திடீர்னு ஹெச்ஓடி கூப்பிட்டு "நீங்க ஒரு புது பேப்பர் ஃப்ரேம் பண்ணிடுங்க, அடுத்த போர்டு மீட்டிங்ல வைக்கணும்"னு சொல்லுவாங்க (சிலபஸை முடிவு பண்ற போர்டு ஆஃப் ஸ்டடீஸைத்தான் போர்டுங்கறோம்). நம்மள்ல முக்கால்வாசி பேர் அப்ப என்ன பண்றோம், நாலு யுனிவர்சிட்டி சிலபஸை டவுன்லோட் பண்ணி, அஞ்சு யூனிட்டா பிரிச்சு, யூனிட்டுக்கு ஒம்பது மணி நேரம்னு போட்டு, கீழ டெக்ஸ்ட் புக் பேரெல்லாம் சேர்த்து குடுத்துடறோம். நானும் முதல் தடவை அப்படித்தான் குடுத்தேன்.

அது எங்க தப்பாச்சுன்னு ஒரு வைவால தெரிஞ்சது. மழைநீர் சேகரிப்பு பத்தி 16 மார்க் கேள்விக்கு படம் போட்டு, பாகம் குறிச்சு, அழகா எழுதியிருந்த பொண்ணு. "நம்ம பிளாக்ல மழைநீர் குழி எங்கம்மா இருக்கு?"ன்னு கேட்டேன். தெரியல மேம்ன்னுச்சு. பக்கத்துல உக்காந்திருந்த பசங்களுக்கும் தெரியல. உண்மையச் சொன்னா எனக்கும் தெரியாது. வைவா முடிஞ்சதும் எல்லாரும் கீழ இறங்கி தேடினோம், சைக்கிள் ஸ்டாண்டுக்கு பின்னாடி இருந்துச்சு, மேல இருந்து வர்ற பைப் பாதியில உடைஞ்சு தண்ணி ரோட்டுப் பக்கம் போற மாதிரி இருந்தது, மூடியத் தள்ளிப் பாத்தா உள்ள ஜல்லி தெரியவே இல்ல, மக்கின இலையும் டீ கப்பும்தான். தமிழ்நாட்டுல எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு 2003ல சட்டம் வந்தாச்சு. ஆனா அந்த குழி மேலயே நாங்க மூணு வருஷமா வண்டி நிறுத்திட்டு இருந்திருக்கோம். போர்ஷன் மட்டும் கரெக்டா முடிச்சிருந்தேன்.

அதனால இந்த பதிவுல ஒரு பேப்பரை முதல்ல இருந்து எப்படி கட்டறதுன்னு, "நம்ம ஊர் தண்ணி"ன்னு ஒரு 3 கிரெடிட் பேப்பரையே உதாரணமா வச்சு சொல்றேன். நீங்க காமர்ஸா இருக்கலாம், கெமிஸ்ட்ரியா இருக்கலாம், தமிழ் துறையா கூட இருக்கலாம், முறை ஒண்ணுதான்.

ஸ்டெப் 1: பசங்க கடைசி நாள் என்ன செஞ்சு காட்டணும்?

யூனிட் பேரு எழுதறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளப் பேப்பர் எடுத்து இத மட்டும் எழுதுங்க. விக்கின்ஸ், மெக்டை ரெண்டு பேரும் 1998ல பேக்வேர்ட் டிசைன்னு பேரு வச்சு சொன்னது இதுதான், முதல்ல முடிவு, அப்புறம் அது நடந்துச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது, பாடம் நடத்தற வழி அதுக்கும் அப்புறம். நாம வழக்கமா தலைகீழா பண்றோம், கேள்வித்தாள் செட் பண்ற அன்னிக்குத்தான் பசங்களுக்கு என்ன தெரியணும்னே யோசிக்கிறோம்.

நான் எழுதினது நாலே நாலு:

பில்டிங் கூரையில ஒரு வருஷத்துக்கு எவ்வளவு மழைத்தண்ணி பிடிக்கலாம்னு அளந்து கணக்கு போடணும்.
ஏரியாவுல உள்ள கிணறு, போர் தண்ணிய டெஸ்ட் பண்ணி மேப்ல குறிச்சு, ஏன் ஒரு இடத்துல உப்பா இருக்குன்னு காரணம் சொல்லணும்.
லாரி தண்ணி, கடல் தண்ணிய குடிநீராக்கறது, மழைநீர், இந்த மூணையும் செலவு, கரண்ட், நம்பகம் வச்சு ஒப்பிட்டு எது எப்போ சரின்னு வாதாடணும்.
காலேஜ் நிர்வாகத்துக்கு ஒரு பக்கத்துல, செலவுக் கணக்கோட ஒரு யோசனை எழுதிக் குடுக்கணும்.

"புரிந்துகொள்வர்", "அறிந்துகொள்வர்"னு எங்கயும் இல்ல பாருங்க. புரிஞ்சுதா இல்லையான்னு வெளிய இருந்து பாக்க முடியாது, கணக்கு போட்டானா இல்லையான்னு பாக்கலாம். புளூம்ஸ் டாக்ஸானமின்னு ஆசிரியர்களுக்கு நடத்தற எல்லா எஃப்டிபி பயிற்சியிலயும் ஒரு முக்கோணம் காட்டுவாங்களே, 1956ல வந்து 2001ல திருத்தினது, ஞாபகம், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், மதிப்பிடல், உருவாக்கல்னு ஆறு படி, அதோட பிரயோஜனமே இந்த இடத்துலதான். மேல எழுதின மாதிரி பசங்க செஞ்சு காட்டற விஷயத்துக்குத்தான் அவுட்கம்னு பேரு, அந்த நாலுல குறைஞ்சது ரெண்டு அவுட்கமாவது மூணாம் படிக்கு மேல இருக்கான்னு பாத்துக்கோங்க. எல்லாமே "விவரிக்க"ன்னு இருந்தா அது மனப்பாட பேப்பர்.

ஸ்டெப் 2: மணி நேரத்த எண்ணுங்க

3 கிரெடிட் தியரின்னா வாரத்துக்கு 3 மணி நேரம், 15 வாரம், மொத்தம் 45. காகிதத்துல 45. கல்சுரல்ஸ், இன்டர்னல் எக்ஸாம், ரெட் அலர்ட்டுக்கு கலெக்டர் விடற லீவு எல்லாம் கழிச்சா கைக்கு வர்றது 36, 38தான். நான் 36க்குத்தான் பிளான் போடுவேன், மிச்சம் கிடைச்சா சந்தோஷம்.

யுனிவர்சிட்டி சிலபஸையே நடத்தற அஃபிலியேட்டட் காலேஜா இருந்தா சிலபஸை மாத்தற உரிமை உங்ககிட்ட இல்ல, சொந்தமா சிலபஸ் போட்டுக்கற அட்டானமஸ் காலேஜ்னாதான் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் வழியா மாத்தலாம். அதுக்காக விட்டுடாதீங்க, சிலபஸுக்கு வெளிய நடத்தற 30 மணி நேர வேல்யூ ஆடட் கோர்ஸா இதையே போடலாம், காலேஜோட தரத்த மதிப்பிடற நாக் அக்ரெடிடேஷனுக்கும் அது கணக்குல வரும். இல்லன்னா ஏற்கனவே இருக்கற சுற்றுச்சூழல் பேப்பர் இருக்கவே இருக்கு. 1991ல எம்.சி. மேத்தா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் ஆச்சு, இப்ப எல்லா டிகிரியிலயும் இருக்கு, பாதி காலேஜ்ல அது யாருக்கு ஒர்க்லோடு கம்மியோ அவங்க தலையில விழுது. அந்த பேப்பர் கைக்கு வந்தா வருத்தப்படாதீங்க, அதுல உங்களுக்கு கிடைக்கற சுதந்திரம் வேற எந்த பேப்பர்லயும் கிடைக்காது.

ஸ்டெப் 3: எக்ஸாம் கேள்விய இப்பவே எழுதுங்க

இதுதான் ரொம்ப முக்கியமான ஸ்டெப், இதுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க. ஜான் பிக்ஸ்னு ஒருத்தர் 1996ல சொன்னார், பசங்க என்ன கத்துக்கணும்னு நாம எழுதறோமோ, கிளாஸ்ல என்ன செய்றோமோ, எக்ஸாம்ல என்ன கேக்கறோமோ, மூணும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும்னு. ஏன்னா பசங்க சிலபஸைப் பாத்து படிக்கறதில்ல, பழைய கொஸ்டின் பேப்பரைப் பாத்துதான் படிக்கறாங்க. நீங்க கிளாஸ்ல எவ்வளவு உயிரக் குடுத்து நடத்தினாலும் எக்ஸாம்ல "படத்துடன் விளக்குக"ன்னு கேட்டா அவங்க படம் வரையத்தான் பழகுவாங்க.

பழைய கேள்வி: மழைநீர் சேகரிப்பு முறையை படத்துடன் விளக்குக, 16 மார்க்.

மாத்தினது: ஒரு ஹாஸ்டல் கூரை 640 சதுர மீட்டர். ஒரே ராத்திரியில 85 மில்லிமீட்டர் மழை. விழற தண்ணியில 80 சதவீதம்தான் கைக்கு வரும்னு வச்சுக்கோங்க. கீழ இருக்கற தொட்டி 20,000 லிட்டர், காலியா இருந்துச்சு. எவ்வளவு தண்ணி வழிஞ்சு போயிருக்கும்? அந்த தண்ணிய என்ன பண்ணலாம்னு ரெண்டு வழி சொல்லி, எது இந்த ஹாஸ்டலுக்கு சரின்னு காரணத்தோட எழுதுங்க.

640ஐ 0.085ஆல பெருக்கினா 54.4 கன மீட்டர், அதுல 80 சதவீதம் 43,520 லிட்டர், தொட்டி போக 23,520 லிட்டர் வழிஞ்சிருக்கும். கணக்கு எட்டாங்கிளாஸ் கணக்குதான். ஆனா அதுக்கப்புறம் வர்ற "எது சரி"ங்கற இடத்துல மண்ணு களிமண்ணா மணலா, தொட்டி கட்ட இடம் இருக்கா, மோட்டார் செலவு என்னன்னு யோசிச்சே ஆகணும், அங்க மனப்பாடம் வேலைக்கு ஆகாது. மார்க்கையும் அப்பவே பிரிச்சு எழுதி வச்சுடுங்க, கணக்குக்கு 6, ரெண்டு வழிக்கு 4, காரணத்துக்கு 6ன்னு. அந்த பிரிவை பசங்களுக்கு முதல் வாரமே குடுத்துடுங்க, ஒளிச்சு வைக்க அதுல ஒண்ணுமில்ல.

ஸ்டெப் 4: பாடத்த ஊரோட கேலண்டர்ல மாட்டுங்க

சென்னைக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை, அதுல பெரும்பகுதி அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழையில கொட்டுது. நம்ம ஆட் செமஸ்டர் ஜூன், ஜூலைல ஆரம்பிச்சு நவம்பர்ல முடியுது. இது எவ்வளவு வசதி பாருங்க! ஜூலைல காஞ்சு கிடக்கறப்போ கிணத்து மட்டத்த அளக்கலாம், ஆகஸ்ட்ல கூரைய டேப் வச்சு அளந்து கணக்கு போடலாம், செப்டம்பர்ல குழிய சுத்தம் பண்ணச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதலாம், அக்டோபர் கடைசில மழை வந்ததும் திரும்ப அளந்து பாக்கலாம். இதே பேப்பரை ஈவன் செமஸ்டர்ல போட்டீங்கன்னா மழையே இல்லாம மழையப் பத்தி பேசிட்டு இருப்பீங்க, அதனால போர்டுல எந்த செமஸ்டர்னு கேக்கறப்போ விட்டுக் குடுக்காதீங்க.

கூரைக் கணக்கு போடற அந்த கிளாஸ் எனக்கு ரொம்ப பிடிச்ச கிளாஸ். ஆயிரம் சதுர மீட்டர் கூரை, 1.4 மீட்டர் மழை, 80 சதவீதம், வருஷத்துக்கு 11,20,000 லிட்டர்னு போர்டுல வரும். 12,000 லிட்டர் லாரியா போட்டுப் பாத்தா 93 லாரி. 2019 கோடையில பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வத்திப் போய் ஜூலைல ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அப்படிப் பாத்தா நம்ம ஒரு பிளாக் கூரை வருஷத்துக்கு அரை ரயில் தண்ணிக்கு கொஞ்சம் கம்மியா பிடிக்குது. ஒரு பையன் கால்குலேட்டர்ல மூணு தடவை அடிச்சுப் பாத்துட்டு "மேம், அப்ப எங்க வீட்டு மொட்ட மாடி?"ன்னு கேட்டான். அந்த கேள்வி வந்துடுச்சுன்னா அன்னிக்கு கிளாஸ் முடிஞ்ச மாதிரிதான், மிச்சத்த அவனே பாத்துப்பான்.

ஸ்டெப் 5: ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு வேலை குடுங்க

50 நிமிஷமும் நாமளே பேசக்கூடாது, அவ்வளவுதான். ஹார்வர்டுல ஃபிசிக்ஸ் நடத்தின எரிக் மாஸுர் தொண்ணூறுகள்ல பிரபலமாக்கின ஒரு முறை 60 பேர் கிளாஸுக்கு அப்படியே பொருந்தும். நாலு ஆப்ஷன் உள்ள ஒரு கேள்வி போடுங்க, கை தூக்கச் சொல்லி எண்ணுங்க, பதில் சொல்லாதீங்க, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் சண்ட போடச் சொல்லுங்க, திரும்ப எண்ணுங்க. உதாரணத்துக்கு, "திருவான்மியூர்ல கடற்கரைய ஒட்டின போர்ல தண்ணி உப்பாகறதுக்கு முக்கிய காரணம் எது?" முதல் தடவை நிறைய பேர் "கடல் பக்கத்துல இருக்கறதால"ன்னு கை தூக்குவாங்க, அந்த ரெண்டு நிமிஷத்துல யாராவது ஒருத்தர் "கடல் எப்பவுமே அங்கதானடா இருக்கு, முன்னாடி ஏன் நல்ல தண்ணி வந்துச்சு?"ன்னு கேப்பாங்க, அங்கதான் அளவுக்கு மீறி உறிஞ்சினா நல்ல தண்ணி மட்டம் இறங்கி கடல் தண்ணி உள்ள வரும்ங்கறது அவங்க வாயாலயே வரும்.

அந்த ரெண்டு நிமிஷம் தமிழ்ல பேச விடுங்க. அரக்கோணம், கும்மிடிப்பூண்டில இருந்து ட்ரெயின் பிடிச்சு வர்ற, தமிழ் மீடியத்துல படிச்ச பசங்களுக்கு யோசனை தமிழ்லதான் ஓடும், இங்கிலீஷ்ல பேசுன்னு சொன்ன உடனே வாய மூடிப்பாங்க, நாம அத பாடம் புரியலன்னு நினைச்சுக்குவோம். எழுதறதுக்கு இங்கிலீஷ் வார்த்தைய அப்புறம் சொல்லிக் குடுக்கலாம்.

டெஸ்டிங்குக்கு பெரிய லேப் வேணாம், தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவ (டிடிஎஸ்) காட்டற மீட்டர் சில நூறு ரூபாய்க்கு கிடைக்குது. குடிநீர்ல டிடிஎஸ்ஸுக்கு இந்திய தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழியே இல்லன்னா 2,000 வரைக்கும். பசங்க அவங்கவங்க வீட்டுத் தண்ணிய பாட்டில்ல கொண்டு வந்து வரிசையா அளந்து மேப்ல ஒட்டினாலே ஒரு கிளாஸ் ஓடிடும். கூடவே டிடிஎஸ் கம்மியா இருந்தா கிருமி இல்லன்னு அர்த்தம் இல்லங்கறதையும் அன்னிக்கே சொல்லிடுங்க.

இதுல மட்டும் கண்டிப்பா இருங்க: யாரையும் சம்ப்லயோ குழியிலயோ இறங்க விடாதீங்க, மூடிக் கிடந்த குழியில விஷ வாயு இருக்கலாம், எட்டிப் பாக்கறதும் தள்ளி நின்னுதான்.

ஸ்டெப் 6: சிஓ பிஓ மேப்பிங்

சிஓன்னா இந்த பேப்பரோட அவுட்கம், பிஓன்னா மொத்த டிகிரியோட அவுட்கம், எது எதுக்கு எவ்வளவு உதவுதுன்னு 1, 2, 3னு நம்பர் போடற அட்டவணைதான் இது. எல்லா கட்டத்துலயும் 3 போட்டு நிரப்பாதீங்க. எந்த அவுட்கம் எந்த கேள்வியில சோதிக்கப்படுதுன்னு கை வச்சு காட்ட முடியுதோ அங்க மட்டும் நம்பர் போடுங்க, மிச்சத்த காலியா விடுங்க. ஸ்டெப் 1ம் 3ம் ஒழுங்கா பண்ணியிருந்தா இது அரை மணி நேர வேலை.

ஸ்டெப் 7: நீங்க போன பிறகும் பேப்பர் ஓடணும்

ஐநா 2015ல போட்ட 17 இலக்குல நாலாவது தரமான கல்வி, ஆறாவது தண்ணி. சஸ்டெய்னபிலிட்டின்னு சிலபஸ் தலைப்புல எழுதறது சுலபம், ஆனா நடத்தற ஆசிரியர் கான்ட்ராக்ட் முடிஞ்சு வேற காலேஜ் போனதும் அந்த பேப்பரே செத்துப் போறத எத்தனை தடவை பாத்திருக்கோம். எல்லாம் அந்த ஒருத்தர் தலைக்குள்ள இருந்துச்சு, அதான்.

அதனால ஒரு ரிஜிஸ்டர் போடுங்க. சாதாரண நீள நோட்டு, டிபார்ட்மென்ட் பீரோல இருக்கணும், யாரோட பேக்லயும் இருக்கக்கூடாது. தேதி, நேரம், கிணத்து மட்டம், டிடிஎஸ், மழை அளவு, அளந்தவங்க பேரு, இவ்வளவு கட்டம் போதும். இந்த வருஷ பசங்க எழுதினத வச்சு அடுத்த வருஷ பசங்க கிராஃப் போடுவாங்க, மூணாவது வருஷம் வர்ற பேட்சுக்கு மூணு பருவமழையோட டேட்டா கைல இருக்கும், அத எந்த டெக்ஸ்ட் புக்லயும் வாங்க முடியாது. கடைசி பக்கத்துல ஆசிரியருக்கு ஒரு இடம் விடுங்க, எந்த கிளாஸ் சரியா போகல, எந்த கேள்விய எல்லாரும் தப்பா எழுதினாங்க, அடுத்த தடவை எத மாத்தணும்னு செமஸ்டர் முடிஞ்ச வாரமே எழுதிடுங்க, ஒரு மாசம் விட்டா மறந்துடும். அடுத்த போர்டு மீட்டிங்குக்கு அந்த ஒரு பக்கத்த எடுத்துட்டுப் போனா போதும்.

கிணத்து மட்டம் அளக்கறப்போ காலையில மோட்டார் போடறதுக்கு முன்னாடி அளக்கச் சொல்லுங்க, எப்பவும் சுவத்துல ஒரே இடத்துல இருந்து, ஒரே கயிறுல. எங்க கிணத்துல அந்த இடத்துக்கு பசங்க சிவப்பு பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க.