இஃப்புக்குள் இரண்டு வேலை

ஸ்கீம் (Scheme) என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கிய புதிதில் ஒரு இஃப் (if), அதாவது ஒரு நிபந்தனைக் கட்டளை, என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. மீதித்தொகை 0-க்குக் கீழே போனால் ‘கடன்’ என்று அச்சிட்டு, எண்ணிக்கையில் ஒன்று கூட்ட வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து எழுதினேன். ‘கடன்’ சரியாக வந்தது. எண்ணிக்கையோ கடன் இல்லாதவர்களுக்குத்தான் ஏறியது. பிழைச் செய்தியும் இல்லை.

அடைப்புக்குறிகளை எண்ணி எண்ணிக் கண் வலித்தது. கோளாறு அங்கே இல்லை. ஸ்கீமின் இஃப்பில் எல்ஸ் (else, ‘இல்லாவிட்டால்’) என்ற சொல்லே கிடையாது. நிபந்தனைக்கு அடுத்து வருவது உண்மைக்கு, அதற்கடுத்தது பொய்க்கு. என் கூட்டல் பொய்க் கிளையில் போய் உட்கார்ந்திருந்தது!

பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டுவது பிகின் (begin). இரண்டையும் ஒரே பிகினுக்குள் போட்டேன், சரியாகிவிட்டது. அப்புறம் காண்ட் (cond) என்ற இன்னொரு நிபந்தனைக் கட்டளைக்கு மாறினேன். அதில் ஒரு கிளைக்குள் எத்தனை கட்டளை வேண்டுமானாலும் எழுதலாம்.