சின்னப் பிள்ளைகளோடு செட்டிநாடு: தங்க இடம் பார்ப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் குடும்பத்தோடு வர நினைக்கிறவர்கள் எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்களிடம் முதலில் கேட்பது, "என்னென்ன பார்க்கலாம்?" என்றுதான். கூட ஐந்து, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் அந்தக் கேள்வி கொஞ்சம் காத்திருக்கட்டும். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரை எங்கே இருக்கப் போகிறீர்கள்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் தங்கும் இடம் பாதி முடிவான மாதிரி.

காரணம் உண்டு. இங்கே வருகிறவர்கள் பார்ப்பதில் பாதி கோயில்கள். மத்தியானம் நடை சாத்தினால் சாயங்காலம் நான்கு மணி வாக்கில்தான் திறப்பார்கள். மீதிப் பாதி பெரிய வீடுகள், தெருக்கள், திருமயம் கோட்டை. இந்தச் சீமை வெயிலில் அந்த நேரத்தில் பெரியவர்களே தெருவில் நடக்க மாட்டார்கள். ஆக, பிள்ளையோடு வருகிறவர்கள் தினமும் மூன்று நான்கு மணி நேரம் அறையில்தான் இருந்தாக வேண்டும். ராத்திரி தூங்க மட்டும் ஓர் இடம் என்று நினைத்துப் பதிவு செய்தால் சிரமம்.

படி 1: எந்த ஊரில் தங்குவது?

வரைபடத்தை எடுத்துக் காரைக்குடியை நடுவில் வையுங்கள். மேற்கே திருப்பத்தூர் சாலையில் குன்றக்குடி, அதைத் தாண்டினால் பிள்ளையார்பட்டி. வடக்கே கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான். இன்னும் மேலே போனால் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம். தெற்கே தேவகோட்டை. ஆத்தங்குடி வடமேற்கில், கொஞ்சம் உள்ளே தள்ளி. காரில் போனால் பெரும்பாலானவை அரை மணி நேரத் தூரம்தான்.

அரை மணிதானே என்று தோன்றும். ஆனால் காலையில் போய், மத்தியானம் திரும்பி, சாயங்காலம் மறுபடி போய் வந்தால் அது நான்கு அரை மணி. காரில் ஏறினால் வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் கணக்கே வேறு. அதனால் காலையில் பார்க்கப் போகிற இடத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கடைத்தெரு, கண்டாங்கிச் சேலை என்று திட்டம் இருந்தால் காரைக்குடி. பழைய வீடுகள், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, திருமயம் என்றால் கானாடுகாத்தான் பக்கம். இரண்டு ராத்திரிக்கு இரண்டு ஊர் மாற்றாதீர்கள். பால் பாட்டில், டயபர், ஈரத்துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டி அவிழ்ப்பதிலேயே ஒரு காலைப்பொழுது போய்விடும்.

நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) ஒன்பது கோயில்களையும் ஒரே பயணத்தில் முடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அதைப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 2: பிள்ளையின் வயது

தவழும் குழந்தைக்கும் கைக்குழந்தைக்கும் என் ஓட்டு காரைக்குடி நகரத்துக்குள் இருக்கும் சாதாரண ஓட்டலுக்கு. லிஃப்ட் இருக்கும், வெந்நீர் எந்நேரமும் வரும், நடுராத்திரியில் பால் காய்ச்சித் தரச் சொல்லிக் கேட்க ஆள் இருக்கும். அரசு மருத்துவமனை, குழந்தை மருத்துவர்கள், மருந்துக்கடைகள் எல்லாம் பக்கத்தில். ராத்திரி பத்து மணிக்குக் காய்ச்சல் வந்தால் கானாடுகாத்தானிலிருந்து வண்டி பிடித்து வருவதற்கும் நகரத்துக்குள் ஆட்டோவில் போவதற்கும் நிறைய வித்தியாசம்.

இரண்டிலிருந்து நான்கு வயதுதான் கஷ்டமான வயது. ஓடத் தெரியும், சொன்னது காதில் ஏறாது. இவர்களுக்கு ஓட்டலா பழைய வீடா என்பதை அடுத்த படியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஐந்து வயது தாண்டிவிட்டால் யோசிக்கவே வேண்டாம், ஒரு ராத்திரியாவது செட்டிநாட்டு வீட்டில் தங்கவையுங்கள். தூணுக்குத் தூண் ஓடிப்பிடித்து விளையாட அவ்வளவு பெரிய இடம் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு வேறெங்கே கிடைக்கும்?

படி 3: பழைய வீட்டைப் பிள்ளையின் உயரத்திலிருந்து பாருங்கள்

கானாடுகாத்தான், கொத்தமங்கலம், கடியாபட்டி போன்ற ஊர்களில் பல நகரத்தார் வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறியிருக்கின்றன. வாடகை நகரத்து ஓட்டலைவிட நன்றாகவே கூடுதல். படங்களில் எல்லாமே அழகாக இருக்கும். ஆனால் அந்த வீடுகள் எதற்காக, எப்படிக் கட்டப்பட்டன என்று தெரிந்தால்தான் பிள்ளைக்கு எங்கே ஆபத்து, எங்கே சௌகரியம் என்பது புரியும்.

இவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை, பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் செய்த குடும்பங்கள் கட்டியவை. கல்யாணம், காரியம் என்றால் மொத்தக் குடும்பமும் கூடும் வீடு. முகப்பில் திண்ணை, உள்ளே வளவு என்கிற பெரிய உள்பகுதி, அதன் நடுவே திறந்த முற்றம், பின்னால் அடுத்தடுத்த கட்டுகள் (வீட்டின் பகுதிகள்), கடைசியில் அடுப்படி. வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று ஒதுக்கப்பட்டவை. சாமானும் சீரும் வைக்கும் அறைகள் அவை. படுப்பதும் உட்காருவதும் பெரும்பாலும் தாழ்வாரத்தில்தான். விடுதியானபோது இப்படிப்பட்ட அறைகளில் குளியலறை சேர்த்துக் கட்டில் போட்டிருப்பார்கள். வீடு அரண்மனை மாதிரி இருந்தாலும் கொடுக்கும் அறை இரண்டு பேருக்கு மட்டும் அளவாக இருப்பது இதனால்தான். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் கூடுதல் மெத்தை போட்ட பிறகு கால் வைக்க இடம் இருக்குமா என்று கேளுங்கள். பக்கத்து அறையையும் எடுக்கலாம் என்றால், இரண்டுக்கும் நடுவில் கதவு இருக்காது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாசல்கள். பல வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நேர்கோட்டில் வாசல் நிலைகள் வைத்திருப்பார்கள், முகப்பில் நின்றால் கடைசிக் கட்டு வரை தெரியும். நமக்கு அது படம் எடுக்க அழகு. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது நேரான ஓட்டப்பந்தயப் பாதை. பின்வாசல் பகலில் பூட்டியிருக்குமா என்பது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. வெளியே பக்கத்தில் ஊருணி (ஊர்க்குளம்) இருக்கிறதா என்பதும். இந்தப் பக்கத்து ஊர்களில் ஊருணி இல்லாத இடம் குறைவு, எல்லாவற்றுக்கும் சுற்றுச்சுவர் இருக்கும் என்று நம்ப முடியாது. விடுதியிலேயே நீச்சல்குளம் இருந்தால் அதற்குத் தனி வேலியும் கதவும் உண்டா என்று பாருங்கள்.

தரை நல்ல விஷயம். ஆத்தங்குடி டைல்ஸ் கண்ணாடிமேல் வார்த்துச் செய்வது. வழவழப்பும் பளபளப்பும் அந்தக் கண்ணாடியிலிருந்து வருபவை, சூளையில் சுடுவதில்லை. வெயில் காலத்திலும் கால் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், குழந்தை தவழ அதைவிட நல்ல தரை கிடையாது. ஆனால் தண்ணீர் பட்டால் வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்துச் சாரல் தாழ்வாரம் வரை வரும். காலுறை போட்ட பிள்ளையை அதில் ஓடவிடாதீர்கள். முற்றத்துக்கு இறங்கும் இடம், அறைக்குள் நுழையும் உயரமான நிலைப்படி, மாடிக்குப் போகும் செங்குத்தான படிக்கட்டு, மாடிக் கைப்பிடியின் கம்பி இடைவெளி: இந்த நான்கையும் படத்தில் தேடுங்கள். தெரியவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். அனுப்பத் தயங்கும் விடுதி எனக்கு வேண்டாம்.

படி 4: போன் செய்யுங்கள்

ஆன்லைனில் விலை பார்ப்பது சரி. பதிவு செய்வதற்கு முன் ஒரு போன் அவசியம், அதுவும் முன்பதிவு அலுவலகத்துக்கு அல்ல, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கே. பேச்சு இப்படிப் போகலாம்:

"அண்ணே, மூணு வயசுப் பிள்ளையோட வர்றோம். கீழயே ரூம் கிடைக்குமா?"

"கிடைக்குங்க. வளவை ஒட்டியே இருக்கு."

"ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் எவ்வளவு உயரத்துல இருக்கு? பிள்ளை தானே பூட்டிக்கிட்டா வெளியிலேர்ந்து திறக்க முடியுமா?"

இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பழைய தேக்குக் கதவு லேசில் உடைகிற கதவு இல்லை.

அப்புறம், கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, மின்விசிறி மட்டுமா என்று கேளுங்கள். கொசுவலை உண்டா? திறந்த முற்றம் உள்ள வீட்டில் அந்தி சாய்ந்தால் கொசு வராமல் இருக்காது. குழந்தை சேலைத் தொட்டிலில்தான் தூங்கும் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஊஞ்சல் கொக்கி இருக்கிறதே என்று நீங்களாகக் கட்ட வேண்டாம், எது பாரம் தாங்கும் என்பது வீட்டு ஆளுக்குத்தான் தெரியும். ஐந்து வயதுக்குள் கட்டணம் இல்லை என்பது பல இடங்களில் வழக்கம்தான், ஆனால் அதில் காலைச் சாப்பாடு சேருமா என்பது தனிக் கேள்வி.

படி 5: சாப்பாடு

செட்டிநாட்டுச் சமையல் என்றால் மிளகும் மிளகாயும் என்று பயந்து பிஸ்கட் பாக்கெட்டோடு வருகிறவர்கள் உண்டு. வீட்டுச் சாப்பாட்டில் பிள்ளைகளுக்கு ஏற்றது நிறைய இருக்கிறது: இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி. காரச் சட்னியை மட்டும் தள்ளி வைத்தால் போதும். விஷயம் என்ன சமைக்கிறார்கள் என்பதில் இல்லை, எப்போது என்பதில்தான். பெரிய வீட்டு விடுதிகள் பலவற்றில் சொல்லி வைத்தால்தான் சமையல். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு என்றால் உங்கள் பிள்ளை ஏழு மணிக்கே அழுது தூங்கியிருக்கும். ஆறரைக்கு ஒரு கிண்ணம் பருப்புச் சோறோ இட்லியோ கிடைக்குமா என்று முன்னாலேயே பேசிவிடுங்கள். கிராமத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கடை தேடிப் போவது நடக்காது. காரைக்குடியில் இந்தக் கவலையே இல்லை.

படி 6: தேதியும் ரயிலும்

சித்திரை, வைகாசி வெயிலைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். மார்கழி, தை இதமான காலம். ஆனால் தைப்பூசத்தை ஒட்டிப் பழனிப் பாதயாத்திரை கிளம்பும், சாலையெல்லாம் கூட்டம். விநாயகர் சதுர்த்தியின்போது பிள்ளையார்பட்டியும், பங்குனி உத்திரத்தின்போது குன்றக்குடியும் அப்படித்தான். பெரிய முகூர்த்த நாள் என்றால் காரைக்குடி ஓட்டல்கள் மொத்தமாகக் கல்யாண வீட்டாருக்குப் போய்விடும். அறை கிடைத்தாலும், பக்கத்தில் கல்யாண மண்டபம் இருந்தால் அதிகாலையிலேயே நாதஸ்வரம் பிள்ளையை எழுப்பிவிடும். காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்தால் காரைக்குடி சேர ராத்திரி பத்து மணி ஆகிவிடும். திரும்பும் பல்லவன் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும். ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்கள் நள்ளிரவுக்கு மேல் இறக்கிவிடும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்நேரத்தில் கிராமத்துக்குப் போக வேண்டாம். வந்திறங்கும் ராத்திரியை மட்டும் காரைக்குடியில் கழித்துவிட்டு, காலையில் மெதுவாகக் கானாடுகாத்தானுக்குப் போங்கள். ஊர் மாற்றாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. நடுராத்திரியில் அறை கொடுப்பார்களா, எந்த நேரத்திலிருந்து நாள் கணக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மதுரை, திருச்சி விமான நிலையங்கள் இரண்டும் சாலை வழியே ஏறக்குறைய 90 கிலோமீட்டர், எதில் டிக்கெட் மலிவோ அதில் வரலாம்.

புதுப் பேருந்து நிலையத்தை ஒட்டிய லாட்ஜ்கள் வசதிதான், ஆனால் ராத்திரி முழுக்க ஹாரன். அங்கேதான் தங்க வேண்டும் என்றால் தெருப்பக்கம் இல்லாத அறை கேளுங்கள். பிள்ளையார்பட்டியிலும் விடுதிகள் உண்டு. நகரத்தார் சத்திரங்கள் என்றால் யாருக்கு இடம் தருவார்கள் என்ற விதியை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

படி 7: அறைக்குள் போனதும்

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒருவர் பிள்ளையைத் திண்ணையில் வைத்துக்கொள்ளட்டும், இன்னொருவர் அறையைச் சுற்றி வரட்டும். வெந்நீர்க் குழாயைத் திறந்து எவ்வளவு சூடு என்று பாருங்கள். பிளக் பாயின்ட் கட்டிலுக்குப் பக்கத்தில் தாழ்வாக இருந்தால் கட்டிலை நகர்த்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கம் சுவரோடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை அவர்களிடமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சரியில்லை என்று பட்டால் அப்போதே அறை மாற்றக் கேளுங்கள். சாமானைப் பரப்பிவிட்டால் உங்களுக்கும் மனசு வராது, அவர்களுக்கும் வராது.

முன்பணம் கட்டும்போது, கிளம்பும் நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தேதி மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.