கறி சமைக்கும் வீட்டில் சைவ விருந்து: புதிதாகச் சமைப்பவர்களுக்கான செய்முறை

ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காத வீடு மதுரைப் பக்கம் குறைவு. திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டியில் முனியாண்டி கோயில் பிரசாதமே பிரியாணிதான். அதே மதுரையில் முட்டையைக்கூட வீட்டுக்குள் கொண்டுவராத குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. பிள்ளையின் நண்பன், அலுவலகத் தோழி, சம்பந்தி வீட்டார் என்று அவர்களில் யாராவது ஒரு நாள் நம் வீட்டில் சாப்பிட வரத்தான் போகிறார்கள்.

சாம்பாரும் ரசமும் வைக்கத் தெரியாத வீடு கிடையாது. ஆனாலும் சைவ விருந்தில் தவறு நடக்கிறது என்றால், அசைவம் இருக்கும் என்று நாம் நினைத்தே பார்க்காத இடத்தில் அது இருப்பதுதான் காரணம். எங்கே பார்க்க வேண்டும், எப்படித் தயாராக வேண்டும், எப்படிப் பரிமாற வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். சைவம் சாப்பிடுகிறவர் நம் அடுப்படிக்குள் வந்து சோதிப்பதில்லை. நம் வார்த்தையை நம்பித்தான் இலையில் கை வைக்கிறார். அந்த நம்பிக்கை எனக்குப் பெரிய விஷயம்.

படி 1: முன்கூட்டியே கேளுங்கள்

இரண்டு நாள் முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். “நீங்கள் சைவம்தானே?” என்ற கேள்வி மட்டும் போதாது. முட்டை சேர்த்த கேக் சாப்பிடுவார்களா, வெங்காயம் பூண்டு சேர்க்கலாமா, காளான் பிடிக்குமா, கறி சமைத்த பாத்திரத்தில் சமைத்தால் சம்மதமா என்று நான்கையும் கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் பலருக்கும் கூச்சம். ஆனால் விருந்தாளிக்கு மிகவும் நிம்மதி தருவது அந்தக் கேள்விதான். தானாகச் சொன்னால் வீட்டாரைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடுமோ என்று அவர்கள் தயங்குவார்கள்.

நாளையும் பாருங்கள். புரட்டாசி முழுக்கவும், அமாவாசை, கார்த்திகை, சஷ்டி நாட்களிலும் மட்டும் சைவமாக இருப்பவர்கள் நிறைய உண்டு. திதி கொடுக்கும் நாளில் வெங்காயம் பூண்டைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மதுரையில் கடை வைத்திருக்கும் சமணக் குடும்பங்களை அழைத்தால் உருளைக்கிழங்கு, கேரட் முதலிய மண்ணுக்கடியில் விளைபவை எதுவும் வேண்டாம் என்பார்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடாதவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு மதிய விருந்தே சரி.

கறி சமைக்கும் வீட்டில் கை நனைப்பதே இல்லை என்று ஒருவர் சொன்னால் வருத்தப்படாதீர்கள். இளநீர், உரிக்காத வாழைப்பழம், முழு ஆரஞ்சு இவை போதும். அவர் வீடு தேடி வந்து நம் எதிரில் உட்கார்ந்து பேசுவதே பெரிது.

படி 2: துண்டை எடுத்தால் சைவமாகிவிடாது

இந்தப் படியைத்தான் அதிகம் வலியுறுத்துவேன். “துண்டு போடவில்லை, குழம்பு மட்டும்தான்” என்று சொல்வதை எத்தனையோ பந்திகளில் கேட்டிருக்கிறேன். கறியோடு கொதித்த சாறு கறிதான்.

குஸ்காவை எடுத்துக்கொள்ளுங்கள். இலையில் பார்த்தால் வெறும் மசாலா சோறு. ஆனால் பிரியாணிக் கடைகளில் பெரும்பாலும் அதே அண்டாவில், அதே கறிச் சாற்றில் வெந்த சோற்றைத் துண்டில்லாமல் அள்ளித் தருவதுதான் குஸ்கா. சைவம் சாப்பிடுகிறவருக்குக் கடையிலிருந்து குஸ்கா வாங்கி வைப்பது கூடவே கூடாது.

அடுத்தது பரோட்டாவும் சால்னாவும். துண்டில்லாத சால்னா பல கடைகளில் எலும்பு போட்டுக் கொதித்ததாகவோ, கோழிச் சால்னாவின் மேல்தெளிவாகவோ இருக்கும். பரோட்டா மாவிலேயே முட்டை உடைத்து ஊற்றிப் பிசையும் கடைகளும் நிறைய. அந்தக் கல்லில் ஆம்லெட்டும் கொத்துப் பரோட்டாவும் போடுவார்கள். வெளியே வாங்குவதாக இருந்தால் சைவ ஓட்டலில் வாங்குங்கள்.

பேக்கரியில் வெஜ் பஃப்ஸின் மேல் பளபளப்பு முட்டையால் வந்ததாக இருக்கலாம். பன்னுக்கும் முட்டை தடவுவது உண்டு. கேட்டு வாங்குங்கள்.

நம் வீட்டிலேயே ஒளிந்திருப்பவை இன்னும் சில. மாசிக் கருவாட்டைப் பொடித்துச் சம்பலிலும் தொக்கிலும் சேர்க்கும் வழக்கம் உள்ள வீடுகளில், அந்தப் பொடி பார்க்க மற்ற மசாலாப் பொடி போலவே இருக்கும். இலங்கைச் சீனிச் சம்பலிலும் மாசி சேர்ப்பது வழக்கம். மலேசியாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். மீன் பொரித்த எண்ணெயை வடிகட்டி வைத்து அதில் அப்பளம் பொரித்தால் அந்த அப்பளமும் போயிற்று. விருந்தன்று புது எண்ணெய்ப் பொட்டலத்தைப் பிரியுங்கள்.

படி 3: பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்

இந்தியாவில் விற்கும் பொட்டல உணவுகளில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முன்பு அசைவத்துக்கும் வட்டமே இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் குழம்பினார்கள். 2020-ஆம் ஆண்டின் விதிகளில் அதை முக்கோணமாக மாற்றினார்கள். இந்த விதியில் முட்டையும் அசைவக் கணக்குதான். பாலும் தேனும் அசைவக் கணக்கில் வராது. ஆகவே பால் பொருளையும் தவிர்ப்பவர்களுக்குப் பச்சைக் குறி மட்டும் போதாது.

வெளிநாட்டுப் பொட்டலத்தில்தான் சிக்கல். சிங்கப்பூர், துபாயிலிருந்து வரும் மிட்டாய்ப் பைகளில் இந்தக் குறி இருக்காது. உட்பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். முதலில் தேட வேண்டியது ஜெலட்டின். மாடு, பன்றி ஆகியவற்றின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது அது. மார்ஷ்மெல்லோவிலும் மெல்லக்கூடிய ஜெல்லி மிட்டாய்களிலும் பெரும்பாலும் அதுதான். அடுத்தது கார்மைன், எண் 120. பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். 631 என்ற சுவையூட்டியை மீனிலிருந்தும் எடுக்கலாம், மாவுப் பொருளை நொதிக்கவைத்தும் எடுக்கலாம். எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பச்சைக் குறி இருந்தால் பயமில்லை. இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சீன வகைச் சமையல் செய்வதாக இருந்தால் ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியிலிருந்து வருவது, வூஸ்டர்ஷையர் சாஸில் நெத்திலி வகை மீன் சேர்வது வழக்கம் என்பதை நினைவில் வையுங்கள். நம் பனீரில் எலுமிச்சையோ தயிரோதான் பாலைத் திரிக்கிறது. இத்தாலியப் பார்மிஜானோ சீஸுக்கோ கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி வேண்டும். இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளித் தாளை முன்பு விலங்குக் குடல், தோல் அடுக்குகளுக்கு நடுவே வைத்து அடித்தார்கள். விலங்குப் பொருள் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று 2016-இல் விதி கொண்டுவந்தார்கள். ஆனாலும் தெரியாத கடையாக இருந்தால் தாள் ஒட்டாத இனிப்பையே வாங்குகிறேன்.

ஜிகர்தண்டாவுக்குக் கவலை வேண்டாம். பாதாம் பிசின் மரத்தில் வடிவது, கடற்பாசி கடலில் விளைவது. ஜெல்லிப் பொடி வாங்குவதைவிடக் கடற்பாசியே நல்லது. ஒரு லிட்டர் பாலுக்குப் பத்து கிராம் போதும். ஜெலட்டின் ஜெல்லி நம் ஊர் வெயிலில் மேசையிலேயே உருகிவிடும். கடற்பாசி அப்படியே நிற்கும்.

படி 4: பாத்திரங்கள்

விருந்தன்று வீட்டில் கறி சமைக்காமல் இருந்துவிட்டால் பாதி வேலை குறையும். முடியாவிட்டால் சைவத்தை முதலில் சமைத்து, மூடி, தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு கறியை அடுப்பில் ஏற்றுங்கள்.

எவர்சில்வர் பாத்திரங்களைப் புளியும் சோப்பும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். மீன் குழம்பு வைக்கும் மண்சட்டி அப்படியில்லை. மண் குழம்பை உறிஞ்சிக்கொள்ளும், எத்தனை முறை கழுவினாலும் அடுப்பில் சூடேறியதும் வாடை வரும். மர அகப்பையும் வெட்டுப்பலகையும் அதே ரகம். இவற்றை மட்டும் சைவத்துக்கென்று தனியாக வாங்கி வைத்துவிடுங்கள், பெரிய செலவில்லை.

மிக்ஸி ஜாரைக் கவனியுங்கள். மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். அதன் பள்ளத்தில் போன வாரம் கோலா உருண்டைக்கு அரைத்த கொத்துக்கறி பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். பிளேடின் அடியிலும் இருக்கும். வளையத்தை வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுங்கள். முடிந்தால் ஒரு ஜாரைச் சைவத்துக்கு ஒதுக்குங்கள். ஆம்லெட் போட்ட தோசைக்கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய் தேய்க்கும் பாதி வெங்காயமும் புதிதாக இருக்கட்டும்.

படி 5: என்ன சமைப்பது

சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் தெரிந்ததுதான். பரோட்டாவோ இடியாப்பமோ வைப்பதானால் எலும்பில்லாத சால்னா ஒன்று சொல்கிறேன், நான்கு பேருக்குச் சரியாக இருக்கும்.

அரை மூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி சோம்பு, வெந்நீரில் ஊறிய ஒரு தேக்கரண்டி கசகசா, ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை ஆகியவற்றை மையாக அரையுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு, கல்பாசி தாளித்து, இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொன்னிறத்துக்கும் ஒரு படி மேலே, ஓரம் பழுக்கும் வரை வதக்குங்கள். எலும்பு தரும் கனத்தை இங்கே அந்த வெங்காயம்தான் தரும், அவசரப்பட வேண்டாம். இஞ்சி பூண்டு விழுது, மூன்று தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், உப்பு சேர்த்து எண்ணெய் பிரியட்டும். அரைத்த விழுதும் மூன்று குவளைத் தண்ணீரும் ஊற்றிச் சிறு தீயில் கால் மணி நேரம் கொதித்தால் மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கும். இறக்கிப் புதினா தூவுங்கள்.

“அப்படியே மட்டன் சுவை” என்று மட்டும் சொல்லாதீர்கள். மீல் மேக்கரைக் கறி மாதிரி செய்து வைப்பதும் வேண்டாம். சிலருக்கு அந்தத் தோற்றமும் வாயில் படும் விதமுமே குமட்டும், கல்பாசி வாசனைகூட ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. வாழைப்பூ வடை வாழைப்பூ வடையாகவே இருக்கட்டும்.

படி 6: பரிமாறுவது

காதுகுத்து, கிடா வெட்டு என்று பெரிய பந்தி போட்டால் சைவப் பந்தியை முதலில் நடத்துவது நல்லது. அடுப்பு, பாத்திரம், பரிமாறும் ஆட்கள் எல்லாம் தனி. சோற்று வாளியில்தான் தவறு நடக்கும். கறிக்குழம்பு ஊற்றிய இலையில் இரண்டாம் முறை சோறு வைக்கும்போது கரண்டியின் நுனி குழம்பில் தொட்டு எழும். அந்தக் கரண்டி அப்படியே வாளிக்குள் போகும். அடுத்த இலை சைவக்காரருடையதாக இருந்தால்? ஆகவே சோறு, தயிர், ஊறுகாய், உப்பு எல்லாவற்றுக்கும் சைவப் பக்கத்தில் தனி வாளியும் தனிக் கரண்டியும் வேண்டும்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால், சைவம் சாப்பிடுகிறவரை வரிசையின் ஓரத்தில், சைவமே சாப்பிடும் ஒருவர் அருகில் உட்கார வையுங்கள். தனியாக ஒரு மூலையில் உட்கார வைக்காதீர்கள். எலும்பு கடிக்கும் சத்தம் அவருக்குச் சிரமமாக இருக்கலாம், குழந்தைகளை எதிரே உட்கார வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

“ஒரு வாய் ருசி பாருங்கள்”, “எப்படித்தான் கறி இல்லாமல் இருக்கிறீர்களோ”, “சத்து எங்கிருந்து வரும்” என்ற பேச்சு எதுவும் இலைக்கு முன்னால் வேண்டாம். அன்புமிகுதியால் சொல்வதாக நமக்குத் தோன்றும். ஒவ்வொரு விருந்திலும் அதையே கேட்டுக் கேட்டு அவர் சலித்திருப்பார். என்னென்ன சைவம் என்பதை அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: “இந்த நான்கும் தனியாகச் சமைத்தது, இந்தத் தயிர்ப் பச்சடியும் உங்களுக்குத்தான்.”

படி 7: தவறு நேர்ந்தால்

கரண்டி மாறிவிட்டது தெரிந்தால் அந்த நொடியே சொல்லுங்கள். “ஐயா, அந்தச் சோற்றைச் சாப்பிட வேண்டாம், கரண்டி மாறிவிட்டது” என்று நேராகச் சொல்லி, இலையை எடுத்துப் புது இலை போடுங்கள். சாப்பிட்ட பிறகு தெரியவந்தாலும் சொல்லத்தான் வேண்டும், தனியாக அழைத்து. தெரியாதவரை பாதகமில்லை என்று வீட்டில் யாராவது தடுப்பார்கள். கேட்காதீர்கள். தெரியாமல் போனதற்கு என்ன செய்வது என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர். குளிப்பார், கோயிலுக்குப் போவார், அல்லது பரவாயில்லை என்று சிரித்துவிடுவார். அதிகம் சமாதானம் சொல்லி அவரையே நம்மைத் தேற்ற வைக்காதீர்கள். ஒரு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, எந்தப் பதார்த்தத்தில், எப்படி நடந்தது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்.